கார்பன் ரோடு பைக்ல மட்கார்டு மாட்டுறது எப்படி: பிரேமுக்கும் உங்களுக்கும் சேதாரம் இல்லாம

அக்டோபர் பாதி தாண்டினா சென்னைல சைக்கிள் ஓட்டுறவங்களுக்கு ஒரு குழப்பம் வந்துடும். மழைக்கு பயந்து டிசம்பர் வரைக்கும் பைக்கை வீட்டுக்குள்ள நிறுத்தி வைக்கிறதா, இல்ல நனைஞ்சாலும் பரவாயில்லன்னு ஓட்டுறதா. நான் ஓட்டுற கட்சி. திருவான்மியூர்ல கிளம்பி மாமல்லபுரம் போயிட்டு வர்ற சனிக்கிழமை ரைடை மழைக்காக விட எனக்கு மனசு வராது, மழை விட்ட காலைல ஈசிஆர் இருக்கிற அழகே தனி. ஆனா அந்த ரோட்ல தேங்குற தண்ணி வெறும் தண்ணி இல்லைங்க, கடல் மணல், ஆயில், சாக்கடை எல்லாம் கலந்த குழம்பு. பின் சக்கரம் அதை அள்ளி முதுகுல கோடு போட்டு அடிக்கும், முன் சக்கரம் ஷூவுலயும், பெடல் கிராங்க் சுத்துற பாட்டம் பிராக்கெட்லயும், ஹேண்டில் திரும்புற ஹெட்செட்டோட கீழ் பேரிங்லயும் நேரா அடிக்கும். நம்ம பின்னாடி வீல் ஒட்டி வர்ற நண்பரோட வாய்க்குள்ளயும் போகும், அதான் பெரிய பாவம்.

சாதா சைக்கிள்னா கடைல குடுத்தா 10 நிமிஷத்துல மாட்டிடுவாங்க. கார்பன் ஃபைபர்ல செஞ்ச பிரேம் இருக்கிற ரோடு பைக்ல அது நடக்காது. மட்கார்டு கம்பி மாட்ட வேண்டிய ஓட்டை பெரும்பாலான பிரேம்ல கிடையாது, டயருக்கும் முன் சக்கரத்தைப் பிடிச்சிருக்கிற ஃபோர்க்குக்கும் நடுவுல இடமும் கம்மி, எல்லாத்துக்கும் மேல கார்பன் ட்யூபை எங்க வேணா கிளாம்ப் போட்டு இறுக்க முடியாது. அலுமினியம், ஸ்டீல் இறுக்கினா கொஞ்சம் நசுங்கி நமக்கு காட்டிக் குடுக்கும். கார்பன் வெளிய ஒண்ணும் காட்டாம உள்ளுக்குள்ள லேயர் பிரிஞ்சிரும். அதனால நான் புதுசா வர்றவங்க எல்லார்கிட்டயும் முதல்ல சொல்றது இதைத்தான்: மட்கார்டோட பாரத்தையும் இறுக்கத்தையும் உலோகம் இருக்கிற இடத்துல கொண்டு போய் வைங்க, அதாவது சக்கர அச்சான ஆக்ஸில், சேணக் கம்பியை இறுக்குற சீட் போஸ்ட் கிளாம்ப், பிரேக் போல்ட். கார்பன் மேல எது பட்டாலும் அது சும்மா சாஞ்சு நிக்கணும், கடிச்சு நிக்கக் கூடாது.

ஒரு வருஷம் நான் இதைக் கேக்காம போனதுக்கு விலை குடுத்தேன். ஒரு கடைல ரப்பர் வெச்ச வளைய கிளிப்பை சீட் ஸ்டேல, அதாவது சேணத்துக்கு கீழருந்து பின் சக்கரத்துக்கு இறங்குற ட்யூப்ல போட்டு நல்லா இறுக்கிக் குடுத்தாங்க, ஆடாம கெட்டியாத்தான் இருந்துச்சு, நானும் சந்தோஷமா ஓட்டினேன். சீசன் முடிஞ்சு கழட்டிப் பாத்தா கிளிப் இருந்த இடத்துல முடி மாதிரி ஒரு கோடு. பெயின்ட் மட்டும்தான் விட்டிருக்கு, உள்ள ஒண்ணும் ஆகலன்னு தெரியுற வரைக்கும் ரெண்டு நாள் தூக்கமே இல்ல. அந்த ட்யூப் வட்டமே கிடையாது, நீள்வட்டமா இருக்கும், அதுல வட்டமான கிளிப்பைப் போட்டா ரெண்டு முனைல மட்டும் அழுத்தம் விழும். ரப்பர் இருக்கேன்னு நம்பிடாதீங்க.

முதல்ல பைக்கை நல்லா பாருங்க

மட்கார்டு ஆர்டர் போடுறதுக்கு முன்னாடி பைக்கை நல்ல வெளிச்சத்துல நிறுத்தி அரை மணி நேரம் செலவு பண்ணுங்க. சில கார்பன் பிரேம்ல, முக்கியமா நீண்ட தூரம் ஓட்டுறதுக்குன்னு செஞ்ச எண்டூரன்ஸ் டைப் பிரேம்ல, மட்கார்டுக்குன்னே ஒளிச்சு வெச்ச ஓட்டை இருக்கும், ஆக்ஸில் கிட்ட உள்பக்கமா, ஃபோர்க் கால் உள்பக்கமா, சின்ன ரப்பர் மூடியோ ஸ்க்ரூவோ போட்டு மூடியிருப்பாங்க. நிறைய பேர் வருஷக்கணக்கா ஓட்டியும் தன் பைக்ல அது இருக்குறதே தெரியாம இருக்காங்க. மேனுவலையும் ஒரு தடவை புரட்டிப் பாருங்க, அதுல மட்கார்டு போடலாமா, எந்த டயர் சைஸ் வரைக்கும் போடலாம்னு எழுதியிருக்கும். ஓட்டை இருந்துச்சுன்னா உங்க வேலை பாதி முடிஞ்சுது.

அடுத்தது இடைவெளி. இதுக்கு தனியா கருவி எதுவும் வாங்க வேண்டாம், உங்க ஆலன் கீ செட்டே போதும். டயருக்கும் ஃபோர்க் மேல்முனைக்கும் நடுவுல 4 மி.மீ. கீயை விட்டுப் பாருங்க, போச்சுன்னா 5, அப்புறம் 6, அப்புறம் 8. மேல மட்டும் பாத்தா பத்தாது, ரெண்டு பக்கமும் பாருங்க, பின்னாடி சீட் ஸ்டே பாலத்துக்கு கீழ, செயின் ஸ்டே (செயின் பக்கம் படுக்கையா பின் சக்கரத்துக்குப் போற ட்யூப்) நடுவுல, பாட்டம் பிராக்கெட்டுக்குப் பின்னாடி, ரிம் பிரேக்கா இருந்தா பிரேக் காலிப்பருக்கு கீழ. முழு மட்கார்டு அந்த இடத்து வழியா போகணும்னா அதோட தடிமன் ஒரு 2 மி.மீ., அதுக்கும் டயருக்கும் நடுவுல குறைஞ்சது 5 மி.மீ. வேணும், ஆக 8 மி.மீ. கீ சிக்காம உள்ள போச்சுன்னா தைரியமா முழு மட்கார்டு போகலாம். 5க்கே சிக்குதுன்னா அந்த இடத்து வழியா எதையும் நுழைக்கப் பாக்காதீங்க, அந்த இடத்துல விட்டுட்டு முன்னாடி ஒரு துண்டு பின்னாடி ஒரு துண்டுன்னு பிரிச்சு செஞ்ச மாடல் இருக்கு, அதுக்குப் போங்க.

டயர் சைஸ் விஷயத்துல ஒண்ணு. பக்கவாட்டுல 25னு போட்டிருக்கிற டயர் உண்மையிலேயே 25 மி.மீ. இருக்கும்னு நினைக்காதீங்க. இப்போ வர்ற ரிம் எல்லாம் உள்ளகலம் ஜாஸ்தி, அதுல போட்டு காத்தடிச்சா 27, 28 கூட வரும். வெர்னியர் இருந்தா காத்தடிச்ச டயரை அளந்து பாருங்க, இல்லன்னா ஸ்கேல் வெச்சாவது பாருங்க. அந்த அளவை விட மட்கார்டு 8லருந்து 10 மி.மீ. அகலமா இருக்கணும், அப்பத்தான் பக்கவாட்டுல தெறிக்கிறதையும் பிடிக்கும். இடம் பத்தலன்னா மழை சீசனுக்கு மட்டும் 28 டயரை எடுத்துட்டு 25 போட்டுக்கறதும் ஒரு வழிதான், ஆனா நம்ம ரோட்டு பள்ளத்துக்கு 28 தர்ற சொகுசை விட எனக்கு மனசு வரல.

எந்த மட்கார்டு

சேணத்துக்கு அடியில சொருகுற பிளாஸ்டிக் தகடு இருக்கு, மடிச்சு பாக்கெட்ல வெச்சுக்கலாம், ஸ்வீடன் கம்பெனி ஆஸ் சேவர்ஸ் இதுல பேர் போனது. பிரேம்லயே படாது, அதனால சேதாரமே இல்ல. ஆனா அது பின்பக்கம் நனையாம காப்பாத்தும், அவ்வளவுதான். ஷூ நனையும், செயின் நனையும், பின்னாடி வர்றவருக்கு பிரயோஜனம் இல்ல.

ரெண்டாவது, ரப்பர் ஸ்ட்ராப் போட்டு ஃபோர்க் கால்லயும் சீட் ஸ்டேலயும் மாட்டுற அரை மட்கார்டு. ஜெர்மனி எஸ்கேஎஸ் கம்பெனியோட ரேஸ்பிளேட் வகையறா இதுக்கு நல்ல உதாரணம். ஓட்டை இல்லாத கார்பன் பைக் வெச்சிருக்கிற புது ஆளுக்கு நான் சிபாரிசு பண்றது இதைத்தான், 5 நிமிஷத்துல மாட்டலாம் கழட்டலாம், ஸ்ட்ராப் ரப்பருங்கறதால ட்யூபை நசுக்காது. ஆனா ரப்பர் உராயும், அதைக் கீழ சொல்றேன்.

மூணாவது, கம்பி வெச்ச முழு மட்கார்டு. 200, 300 கிலோமீட்டர்னு நேரக் கெடு வெச்ச பிரெவே ரைடு ஓட்டுறவங்க, தினமும் ஆபீஸுக்கு பைக்ல போறவங்க இதுக்குத்தான் வரணும், பாதுகாப்பு இதுல இருக்கிற மாதிரி வேற எதுலயும் கிடையாது. பிரெவேல 200 கிலோமீட்டருக்கு பதிமூன்றரை மணி நேரம் டைம், அவ்வளவு நேரம் ஈர ஷூவோட உக்காந்து பாத்தவங்களுக்கு நான் சொல்றது புரியும். ஓட்டை இல்லாத பிரேம்லயும் இதை மாட்ட வழி இருக்கு. சீட் போஸ்ட் கிளாம்ப்பை எடுத்துட்டு ரெண்டு பக்கமும் ஓட்டை வெச்ச கிளாம்ப் போடலாம், ஆக்ஸிலை எடுத்துட்டு முனைல மரை வெச்ச ஆக்ஸில் போடலாம். சீட் ட்யூப் வட்டமா இல்லாத ஏரோ பிரேம்னா அந்த கிளாம்ப் உக்காராது, அப்போ ரெண்டாவது வகைதான் உங்களுக்கு.

டிஸ்க் பிரேக் பைக்ல ஆக்ஸில் மாத்துறவங்க ஒண்ணு கவனிங்க. ரோடு பைக்ல பெரும்பாலும் முன்னாடி 12க்கு 100, பின்னாடி 12க்கு 142 (ஆக்ஸில் தடிமனும் ஹப் அகலமும், மி.மீ.ல), இதுவரைக்கும் எல்லாம் ஒண்ணு. ஆனா மரையோட பிட்ச், அதாவது ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் இருக்கிற இடைவெளி, 1, 1.5, 1.75 மி.மீ.னு மூணு தினுசு இருக்கு. தப்பான பிட்சை வெச்சு திருகினா முதல் ரெண்டு சுத்து போற மாதிரி போயி பிரேம்ல இருக்கிற மரையைத் தின்னுடும். பழைய ஆக்ஸில் மேலயே நீளமும் பிட்சும் பொறிச்சிருக்கும், அதைப் படிச்சிட்டு வாங்குங்க, எங்கயும் விரலாலயே சுலபமா திருக வரணும், கீ போட்டு முறுக்கித்தான் ஆரம்பிக்கணும்னா அது உங்க ஆக்ஸில் இல்ல.

பிலிம் ஒட்டாம எதையும் மாட்டாதீங்க

இந்த ஒரு வேலையைத்தான் எல்லாரும் தாண்டிப் போறாங்க, கடைசில பிரேம் வீணாகுறதும் இதனாலதான். மழைல ஓட்டும்போது ஸ்ட்ராப்புக்கும் பெயின்டுக்கும் நடுவுல மணல் தண்ணி புகுந்துடும். ரோட்டு அதிர்வுல மட்கார்டு கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு ஆடிக்கிட்டே இருக்கும். மணல், ஈரம், ஆட்டம், இந்த மூணும் சேர்ந்தா அது உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிறதுதான். முதல்ல பளபளப்பு போகும், அப்புறம் கிளியர் கோட் போகும், அதுக்கப்புறம் கார்பன் நாரே தேய ஆரம்பிக்கும். ரெண்டு மாச மழைல கிளியர் கோட் மொத்தமா போன ஃபோர்க்கை நான் கையில தொட்டுப் பாத்திருக்கேன், வெறும் கேபிள் டை போட்டதுதான் காரணம், அதோட வெட்டின முனையும் சேர்ந்து பள்ளம் போட்டிருந்துச்சு.

கார் பெயின்டுக்கு ஒட்டுற கண்ணாடி மாதிரியான பாதுகாப்பு பிலிம் இருக்கில்ல, பிபிஎஃப்னு சொல்வாங்க, அதுதான் சரியான சாமான். சைக்கிளுக்குன்னு பாக்கெட் போட்டு விக்கிறதை வாங்கணும்னு அவசியம் இல்ல, கார் பிலிம் ஒட்டுற கடைல மிச்சம் விழுற துண்டைக் கேட்டுப் பாருங்க, ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு பக்கம் அந்த மாதிரி கடைங்க வரிசையா இருக்கு, நமக்கு வேண்டியது உள்ளங்கை அளவு துண்டுதான்.

ஒட்டுறதுக்கு முன்னாடி அந்த இடத்தை சோப்புத் தண்ணி போட்டுக் கழுவி, காய விட்டு, ஐசோப்ரோபில் ஆல்கஹால் துணில தொட்டுத் துடைங்க. அடியில ஒரு மணல் துகள் மாட்டினா கூட அது உள்ள இருந்தே தேய்க்கும். ஸ்ட்ராப் அகலத்தை விட ரெண்டு பக்கமும் 1 செ.மீ. ஜாஸ்தியா வெட்டுங்க, முனையை வட்டமா கத்தரிங்க, கூர் முனை சீக்கிரம் உரியும். ஒட்டிட்டு ஒரு ராத்திரி அப்படியே விடுங்க. அதுக்கு மேல பழைய டயர் ட்யூபை வெட்டி ஒரு சுத்து சுத்தி, அதுக்கு மேல ஸ்ட்ராப் போட்டா இன்னும் நல்லது, நழுவாது, அதிர்வையும் வாங்கிக்கும். இன்சுலேஷன் டேப் மட்டும் சுத்தினா போதாதான்னு கேப்பாங்க. ஒரு ரைடுக்குப் போதும். நம்ம ஊர் வெயில்ல அதோட பசை இளகி வழுக்கிடும், கழட்டும்போது பிசுபிசுன்னு ஒட்டிக்கும்.

முன் மட்கார்டு: இங்க அவசரமே கூடாது

பின்னாடி மட்கார்டு கழண்டா சத்தம் போடும், தேயும், நின்னு கழட்டி கைல எடுத்துக்கலாம். முன்னாடி கழண்டு டயருக்குள்ள சுருட்டிக்கிட்டா சக்கரம் அப்படியே லாக் ஆகிடும், நீங்க ஹேண்டில் பாருக்கு மேல பறந்து போய் விழுவீங்க. ஒரு குச்சியோ பிளாஸ்டிக் கயிறோ டயரோட சேர்ந்து மேல ஏறி மட்கார்டுக்குள்ள சிக்கினாலும் இதேதான் நடக்கும். அதனாலதான் நல்ல முழு மட்கார்டுல முன் கம்பி ஃபோர்க்ல சேர்ற இடத்துல ஒரு பிளாஸ்டிக் பாதுகாப்பு கிளிப் இருக்கும், எஸ்கேஎஸ்ல அதுக்கு செக்யூ கிளிப்னு பேரு, எதாவது சிக்கி இழுத்தா கம்பி அதுலருந்து படக்குன்னு விடுபட்டுடும், சக்கரம் நிக்காது. இந்த கிளிப் இல்லாத முழு மட்கார்டை முன்னாடி போடாதீங்க. இருக்கிற கிளிப்பை லூசா இருக்கேன்னு கம்பி போட்டுக் கட்டியோ பசை போட்டு ஒட்டியோ வைக்காதீங்க, அது கழண்டு வர்றதுக்குன்னே செஞ்சது.

ரிம் பிரேக் பைக்னா மட்கார்டோட நடு பிராக்கெட் பிரேக் போல்ட்ல வரும். கார்பன் ஃபோர்க்ல பின்பக்கம் நட்டு ஃபோர்க்குக்குள்ள புதைஞ்சு இருக்கிறதால பிராக்கெட்டை அந்தப் பக்கம் வைக்க முடியாது, முன்பக்கம் காலிப்பருக்கும் ஃபோர்க்குக்கும் நடுவுல வைக்கணும். அப்படி வைக்கும்போது பிராக்கெட் தடிமன் அளவுக்கு போல்ட் முன்னாடி வந்துடும், நட்டுக்குள்ள போற மரை அந்த அளவு குறைஞ்சிடும். இது பிரேக் சமாச்சாரம், விளையாட்டு இல்ல. கழட்டும்போது நட்டு எத்தனை சுத்து வருதுன்னு எண்ணி வெச்சுக்கங்க, திரும்ப மாட்டும்போதும் எண்ணுங்க. இந்த மரையோட பிட்ச் 1 மி.மீ., அதனால முழுசா 6 சுத்து போனா 6 மி.மீ. பிடிச்சிருக்குன்னு அர்த்தம், அதுக்குக் கீழன்னா நீளமான நட்டு வாங்கி மாத்துங்க, அந்த நட்டு நிறைய நீளத்துல கிடைக்குது. காலிப்பர் போல்டுக்கு ஷிமானோ சொல்றது 8லருந்து 10 நியூட்டன் மீட்டர். மாட்டி முடிச்சதும் பிரேக்கை நடுவுல சரி பண்ணி, ரெண்டு பேடும் ஒரே நேரத்துல ரிம்மைத் தொடுதான்னு பாருங்க.

டிஸ்க் பிரேக் ஃபோர்க்ல சிலதுல மேல்முனைக்கு அடியில மேல்நோக்கி ஒரு மரை ஓட்டை இருக்கும், சிலதுல ஒண்ணுமே இருக்காது. ஒண்ணுமே இல்லன்னா ஃபோர்க் கால்ல ஸ்ட்ராப் போடுற வகைக்குப் போங்க. ஸ்ட்ராப் போடும்போது பிரேக் ஹோஸ் மேல போட்டு அழுத்திடாதீங்க, ஹோஸ் வெளிய ஓடுற ஃபோர்க்கா இருந்தா ஸ்ட்ராப் அதுக்கு அடியில போகட்டும். லிவரைத் திறந்து சக்கரத்தைக் கழட்டுற குயிக் ரிலீஸ் பைக்ல ஆக்ஸில் கிட்ட பிராக்கெட் சொருகுற மாடல்னா, அதை வெச்ச பிறகும் குயிக் ரிலீஸ் நட்டுக்குள்ள கம்பி முழுசா போகுதா, லிவரை மூடும்போது உள்ளங்கைல தடம் விழுற அளவுக்கு இறுக்கம் இருக்கான்னு பாருங்க. இல்லன்னா நீளமான குயிக் ரிலீஸ் கம்பி வேணும், சமாளிச்சுக்கலாம்னு விடுற இடம் இது இல்ல.

நடுவுல மாட்டியாச்சுன்னா கம்பியை கையாலயே லேசா மாட்டி, சக்கரத்தை மெதுவா சுத்திக்கிட்டே டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவுல 5 மி.மீ. ஆலன் கீயை விட்டு முன்முனைலருந்து கீழ்முனை வரைக்கும் ஓட்டிப் பாருங்க. எங்கயும் ஒரே மாதிரி இருக்கணும், இல்லன்னா கீழ்முனைல குறுகி மேல போகப் போக விரியலாம், அப்பத்தான் டயரோட உள்ள போற கல்லு சிக்காம முன்பக்கமா வெளிய வந்துடும். கீழ விரிஞ்சு மேல குறுகினா உள்ள போனது வெளிய வராம சிக்கும். மட்கார்டை வளைச்சுப் பிடிச்சு கம்பியோட பலத்துல நிறுத்தாதீங்க, அது தன்னால அந்த வளைவுல உக்காரணும். வலுக்கட்டாயமா வளைச்சு மாட்டினது ஒரு மாசத்துல போல்ட் ஓட்டைகிட்ட விரிசல் விடும். கொஞ்சம் பொறுமை வேணும், நான் ஒரு முன் மட்கார்டுக்கு ஒரு மணி நேரம் எடுத்துக்குவேன்.

சின்ன சைஸ் பிரேம் ஓட்டுறவங்க ஷூவையும் பாக்கணும். சைக்கிள் ஷூ போட்டு அடியில இருக்கிற கிளீட்டை பெடல்ல மாட்டி, பெடலை முன்னாடி கொண்டு வந்து, ஹேண்டிலை ரெண்டு பக்கமும் திருப்புங்க. கட்டை விரல் பக்கம் மட்கார்டுல இடிச்சா மெதுவா யூ டர்ன் போடும்போது தடுக்கி விழ வாய்ப்பு இருக்கு. வேகமா போகும்போது ஹேண்டில் அவ்வளவு திரும்பாது, அதனால லேசா இடிச்சா பழகிக்கலாம், ஆனா அதை முதல் சிக்னல்ல தெரிஞ்சுக்கக் கூடாது, வீட்லயே தெரிஞ்சுக்கணும்.

பின் மட்கார்டு

இது சுலபம். ஓட்டை வெச்ச சீட் கிளாம்ப்பை மாத்தும்போது முதல்ல சீட் போஸ்ட் உயரத்தை டேப் ஒட்டிக் குறிச்சுக்கங்க. புது கிளாம்ப்போட உள்விட்டம் பழசோட ஒண்ணா இருக்கணும். இறுக்குற அளவு பிரேம் மேலயோ கிளாம்ப் மேலயோ போட்டிருக்கும், பெரும்பாலும் 5 நியூட்டன் மீட்டர் பக்கம், ரெண்டுல எது கம்மியோ அதுதான் உங்க அளவு. கீழ பாட்டம் பிராக்கெட் பக்கம் மாட்ட ஓட்டை இல்லன்னா மட்கார்டுல ரெண்டு சின்ன ஓட்டை போட்டு, பிலிம் ஒட்டின சீட் ட்யூபைச் சுத்தி ட்யூப் ரப்பர் வெச்சு அதுக்கு மேல கேபிள் டை போடலாம், அது பாரம் தாங்க இல்ல, ஆடாம பிடிக்கத்தான், அதனால இழுத்து இறுக்காதீங்க, விரலால தள்ளினா லேசா நகர்ற மாதிரி விடுங்க. கியர் வயர், முன்பக்க கியரை மாத்துற டெரெய்லர் எதுலயும் படுதான்னு எல்லா கியரும் போட்டுப் பாருங்க.

கம்பி நீளமா நிக்கும். வெட்டுறதுக்கு முன்னாடி எல்லாம் சரியா உக்காந்துடுச்சான்னு ரெண்டு தடவை பாருங்க, ஏன்னா வெட்டினது வளராது. ஹேக்சா பிளேடு வெச்சு வெட்டி, முனையை அரம் போட்டு மழுக்கி, கூட வர்ற ரப்பர் மூடியைக் கண்டிப்பா போடுங்க, அந்தக் கம்பி முனை கெண்டைக்காலைக் கிழிச்சு தையல் போட வேண்டி வந்ததை பாத்திருக்கேன். வெட்டும்போது விழுற இரும்புத் தூள் பிரேம்லயும் டிஸ்க்லயும் படாம ஒரு துணி போட்டு மூடிக்கங்க.

அப்புறம் கீழ தொங்குற ஃபிளாப். கடைல வர்ற மட்கார்டு கீழ்முனை எப்பவும் நமக்கு வேண்டிய இடத்துக்கு ஒரு சாண் மேலயே முடிஞ்சிடும். முன்னாடி ஒரு ஃபிளாப் தொங்கவிட்டா ஷூ பாதிக்கு மேல காய்ஞ்சே இருக்கும், பின்னாடி ஒண்ணு விட்டா பின்னாடி வர்றவர் உங்களை வாழ்த்துவார். பழைய ஃபிளெக்ஸ் பேனர் துணி இதுக்கு அருமையான சாமான், ரெண்டா மடிச்சு வெட்டி, ரெண்டு சின்ன போல்ட்டும் வாஷரும் போட்டு உள்பக்கம் தலை வர்ற மாதிரி மாட்டிடுங்க, நட்டு வெளிப்பக்கம். தரைலருந்து ஒரு 8 செ.மீ. மேல நிக்கட்டும், அதுக்கும் கீழ விட்டா வேகத்தடைல இழுபடும்.

இறுக்குறது

கார்பன் பைக் வெச்சிருந்தா எவ்வளவு இறுக்குறோம்னு அளந்து காட்டுற டார்க் ரெஞ்ச் ஒண்ணு வெச்சிருக்கணும், இதுல நான் யாரோடயும் சமரசம் பண்றதில்ல. நாலு நண்பர்கள் சேர்ந்து ஒண்ணு வாங்கினாலும் போதும். பிரேம் ஓட்டைல போற போல்ட் பெரும்பாலும் எம்5, பிட்ச் 0.8. கார்பன் பிரேம்ல அந்த மரை ட்யூபுக்குள்ள ஒட்டியோ ரிவெட் அடிச்சோ வெச்ச சின்ன உலோகத் துண்டுதான், ஜாஸ்தி முறுக்கினா அது உள்ள சுத்த ஆரம்பிச்சிடும், அப்புறம் உள்ளயும் போகாது வெளியவும் வராது. கீயோட குட்டைக் காலைப் பிடிச்சு ரெண்டு விரல்ல எவ்வளவு முடியுதோ அவ்வளவுதான். போல்ட் நீளமும் பாருங்க, பின்னாடி வலது பக்கம் நீளமான போல்ட் போட்டா உள்ள துருத்திக்கிட்டு செயின்லயோ சின்ன ஸ்ப்ராக்கெட்லயோ உரசும்.

அதிர்வுல கழண்டு வராம இருக்க மரையைப் பிடிச்சு வைக்கிற பசை, நீல கலர் திரெட் லாக்கர், ஒரு சொட்டு போதும். சிவப்பு வேண்டாம், அது கழட்ட விடாது. அந்தச் சொட்டு பிளாஸ்டிக் மேல வழியாம பாத்துக்கங்க, சில பிளாஸ்டிக்கை அது நொறுங்க வெச்சிடும், அதனால பிளாஸ்டிக் பக்கத்துல இருக்கிற இடத்துக்கு நான் உள்ள நைலான் வளையம் வெச்ச நைலாக் நட்டுதான் போடுவேன். போல்ட் ஸ்டெயின்லெஸ்ல வாங்குங்க. நம்ம கடற்கரை உப்புக் காத்துல சாதா போல்ட் ஒரு சீசன்ல துரு பிடிச்சிடும். அலுமினிய பிராக்கெட் கார்பன் மேல நேரா பட்டு நடுவுல உப்புத் தண்ணி நின்னா அலுமினியம் அரிச்சு வெள்ளைப் பொடி பூக்கும். பிலிம் ஒட்டச் சொன்னதுக்கு இதுவும் ஒரு காரணம்.

மாட்டியாச்சு, இப்போ சோதனை

பைக்கை ரெண்டு கையால தூக்கி ஒரு 5 செ.மீ. உயரத்துலருந்து தரையில விடுங்க. லொடலொடன்னு சத்தம் வந்தா எங்கயோ பிடிப்பு இல்ல. மட்கார்டைக் கையால ரெண்டு பக்கமும் தள்ளி டயர்ல படுதான்னு பாருங்க, தள்ளினா பட்டுட்டு தானே திரும்பி வந்தா சரி, அங்கயே நின்னா சரியில்ல. அப்புறம் தெருவுலயே மோசமான பள்ளம் இருக்கிற சந்துல ஒரு கிலோமீட்டர் ஓட்டுங்க, முதல் சோதனையை குரூப் ரைடுல வெச்சுக்காதீங்க. 20 கிலோமீட்டர் ஓட்டினதும் ஒரு தடவை நின்னு எல்லா போல்ட்டையும் கீ வெச்சுத் தொட்டுப் பாருங்க, புது மட்கார்டு அந்த முதல் ஓட்டத்துலதான் உக்காரும். நான் நீலாங்கரை தாண்டி கோவளத்துல டீக்கு நிக்கும்போது பாத்துடுவேன், அது இப்போ பழக்கமாவே ஆயிடுச்சு. வழியில உடைஞ்சா சமாளிக்க சேணப் பைல நாலு கேபிள் டை, ஒரு எம்5 போல்ட், ஒரு துண்டு ட்யூப் ரப்பர். முன் மட்கார்டு உடைஞ்சா மட்டும் கேபிள் டை போட்டு ஓட்டிப் பாக்காதீங்க, முழுசா கழட்டி பின்பக்கம் கட்டிக்கிட்டு வாங்க.

ஓட்டை இல்லையேன்னு டிரில் எடுத்து கார்பன்ல துளை போட நினைக்கிறவங்களும் இருக்காங்க, யூடியூப் பாத்துட்டு என்கிட்டயே ரெண்டு பேர் கேட்டாங்க. தயவுசெஞ்சு வேண்டாம். நார் அறுந்த இடத்துலருந்து விரிசல் ஓடும், தண்ணியும் உள்ள போகும், ஃபோர்க்ல அப்படி செஞ்சா உயிரோட விளையாடுறது. எபாக்ஸி போட்டு கொக்கி ஒட்டுறதும் வேண்டாம்.

ஒவ்வொரு மழை ரைடு முடிஞ்சதும் மட்கார்டு உள்பக்கம் ஒரு பக்கெட் தண்ணி ஊத்தி மணலைக் கழுவுங்க, பைப் வெச்சு வேகமா அடிக்காதீங்க, பேரிங்குக்குள்ள போயிடும். ஸ்ட்ராப் வகைன்னா ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை கழட்டி அடியில துடைச்சுட்டு மாட்டுங்க. பொங்கல் முடிஞ்சு வானம் தெளிஞ்சதும் மொத்தமா கழட்டி, பிலிமையும் உரிச்சு, ஹேர் டிரையர் லேசா காட்டினா பசை இல்லாம உரியும், அடியில இருக்கிற பெயின்டை டார்ச் அடிச்சு சாய்வாப் பாருங்க. நகத்தை ஓட்டினா தட்டுற மாதிரி கோடு இருந்தா ஒரு ரூபா காசை வெச்சு அங்கயும் பக்கத்துலயும் தட்டி சத்தத்தை ஒப்பிட்டுப் பாருங்க, டக் டக்னு வர்ற சத்தம் அந்த இடத்துல மட்டும் மொத்துன்னு மாறினா அந்த பைக்கை ஓட்டாம கார்பன் ரிப்பேர் தெரிஞ்சவர்கிட்ட காட்டுங்க. சத்தம் மாறலன்னாலும் சந்தேகம் போகலன்னா காட்டிடுங்க, காசு தட்டுறது எல்லாத்தையும் கண்டுபிடிச்சிடாது. கோடு ஒண்ணும் இல்லன்னா மட்கார்டைக் கழுவி, போல்ட் எல்லாத்தையும் ஒரு கவர்ல போட்டு மட்கார்டோடயே டேப் வெச்சு ஒட்டி, எந்த போல்ட் எந்தப் பக்கம்னு ஒரு சீட்டுல எழுதி உள்ள வைங்க, அக்டோபர்ல தேட வேண்டாம்.